ஆமைக்குத் தொண்டை கட்டியது

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். உனக்குச் சளி விட்டதா? ஃபேக்டரி ஹாஸ்டலில் வெந்நீர் கேட்டால் கொடுக்கிறார்களா?

"போன்ல உன் மூச்சுச் சத்தம்தான் கேக்குது, அதுக்கு ஒரு போனா? பேசாம லெட்டர் எழுது" என்று கத்தினாயே, அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் எனக்கு வாய் நீளம் என்று உனக்குத் தெரியும்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில், நாலைந்து வயசுப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆயா. மூக்கைத் துடைக்க வேண்டும், செருப்பைக் கால் மாறாமல் மாட்டிவிட வேண்டும், பாயை விரித்துச் சுருட்ட வேண்டும். பேச வேண்டிய வேலை எதுவும் இல்லை என்பதால் தைரியமாக ஒப்புக்கொண்டேன்.

அந்த வகுப்பு டீச்சரைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கரும்பலகைப் பக்கமே அவர் போவதில்லை. இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு போர்வையைக் கட்டி, அதன் பின்னால் தரையில் உட்கார்ந்துகொள்கிறார். போர்வைக்கு மேலே ஒரு ஆமை எட்டிப் பார்க்கும். பழைய காலுறைதான் அதன் தலையும் கழுத்தும். ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் கிண்ணம் ஓடு. அந்த ஆமைக்கு ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல வராது, அவ்வளவு மெதுவு. "எனக்கு ஒரு ப... ட... ம்... வேணும்" என்று இழுக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் டீச்சர் ஓர் எழுத்து அட்டையைப் போர்வையில் குத்துவார். இன்னொரு கையில் ஒரு கிளி. அதற்கு எப்போதும் அவசரம். சரியாகக் கேட்காமலே "பழம்தானே? இந்தா, தின்னு!" என்னும். உடனே பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று, "ஏய் கிளி! படம்! அது படம்!" என்று திட்டித் தீர்க்கிறார்கள். திட்டி முடித்த பிறகு பார்த்தால் மூன்று எழுத்தைக் கூட்டிப் படித்திருக்கிறார்கள். படித்தது அவர்களுக்கே தெரியாது.

நமக்கெல்லாம் எழுத்து அடியோடு சேர்ந்து வந்தது. இவர்களுக்குச் சிரிப்போடு வருகிறது. நான் பாயைச் சுருட்ட மறந்து நின்றுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூலை 3

என் ஊமைக்கோட்டானுக்கு,

சளி போய்விட்டது. அதன் இடத்தில் இருமல் குடிவந்திருக்கிறது. இங்கே பறக்கிற நூல் தூசிக்கு அதுவும் வராவிட்டால்தான் ஆச்சரியம். அப்பா வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

உன் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். "உன் தங்கச்சி வாயே திறக்க மாட்டான்னு சொன்னே, இந்தப் போடு போடறாளே!" என்றார்கள். கிளிக்கு இங்கே ஏகப்பட்ட ரசிகர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஜனவரியில் எங்கள் ஃபேக்டரியில் புதுப் பெண்களை எடுக்கிறார்கள், காலர் தைக்கிற பிரிவுக்கு. சூப்பர்வைசரிடம் உனக்காகச் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் நான் இங்கே வேலைக்கு வந்துவிட்டேன். நீதான் எட்டாவதோடு நின்று கடைசிவரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டாய். உனக்கு ஒரு வழி செய்யாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஆயா வேலையில் எத்தனை நாளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பாய்? இங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. உனக்கென்றே கட்டிய இடம்! வருகிறாயா? மறக்காமல் பதில் எழுது.

வெட்டிப்போட்ட துணித்துண்டு ஒரு மூட்டை அனுப்புகிறேன். ஆமைக்கும் கிளிக்கும் ஆகும்.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இருமலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யலாமே.

துணி மூட்டை வந்தது. டீச்சர் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தடவிப் பார்த்து, "உங்க அக்காவுக்குப் பெரிய மனசு" என்றார். கிளிக்குப் பச்சையில் புது இறக்கை வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆமைக்கு ஒரு கை, கிளிக்கு ஒரு கை என்றால் அட்டையைக் குத்தக் கை ஏது? அதனால் டீச்சர் கூப்பிட்டார். "கொஞ்சம் கை குடும்மா." நான் எதையோ தூக்கச் சொல்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். ஆமையை மாட்டிவிட்டார்! "பயப்படாதே. பேசறது நான்தான். வாய் மட்டும் நீ அசை" என்றார்.

அது லேசான வேலை இல்லை அக்கா. நான் மேல் விரல்களைத் தூக்கினேன். ஆமை கூரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. டீச்சர் சிரித்துவிட்டு, "நாம பேசும்போது மண்டையா மேல போகுது? தாடைதானே கீழே இறங்குது? கட்டைவிரலை மட்டும் இறக்கு" என்றார். இத்தனை வருஷம் வாயை வைத்துக்கொண்டு இது எனக்குத் தெரியாமல் போயிற்றே! வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் பேசிப் பார்த்தேன். அப்பா கதவருகில் நின்று பார்த்துவிட்டு, "கண்ணாடிகிட்டயாவது பேசறியே, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் ஆரவாரம் செய்தால் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அதை மட்டும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உன் தங்கை


ஆகஸ்ட் 10

அடியே கோட்டான்,

இருமல் குறைந்திருக்கிறது. அப்பா கால்வலிக்குத் தைலம் தேய்த்துவிடு.

கட்டைவிரலுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஓட்டுக்கு அரைப் பக்கம். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. வருகிறாயா, இல்லையா? சூப்பர்வைசர் பேரைக் கேட்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்குக் கால்வலி தேவலை. தைலம் தேய்க்கும்போது உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

என்னால் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. கேள். போன வாரம் ஒரு அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, "என்ன டீச்சர், இவன் எதைப் பார்த்தாலும் சந்தேகமாவே கேக்கறான்? மரத்தைக் காட்டினா 'மரமா?'ங்கறான். பழத்தைக் குடுத்தா 'பழமா?'ங்கறான். ஆமாண்டா, பழம்தாண்டான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது!" என்றார். பின்னால் இன்னொரு அப்பாவும் அதே புகாரோடு நின்றார்.

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னை ஆமையை மாட்டிக்கொள்ளச் சொல்லி, 'மரம்' சொல்லிப் பார்த்தார். கடைசி 'ம்' வரும்போது உதடு மூட வேண்டும் அல்லவா? எனக்குப் பயத்தில் கட்டைவிரல் நடுங்கி, மூடிய வாய் மறுபடி திறந்துகொண்டது. டீச்சர் 'ம்' என்று முடித்தாலும் பிள்ளைகளுக்குக் கண் ஆமை வாயில்தான். அது திறந்ததால் அவர்களும் வாயைத் திறந்து 'மரமா' என்று முடித்திருக்கிறார்கள். வகுப்பு முழுக்க!

நான் ஆமையைக் கழற்றித் தந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டீச்சரோ கண்ணெல்லாம் மின்ன, "பாத்தியா? என் குரலைவிட உன் விரலைத்தான் நம்பறாங்க! இதைவிட என்ன வேணும்?" என்றார். வேறு யாராக இருந்தாலும் என்னைத் திட்டியிருப்பார்கள். அடுத்த நாள் ஆமைக்கு வாய் ஒட்டிக்கொண்டது போல ஒரு விளையாட்டு வைத்தார். 'ம்' சொன்னால் திறக்கவே வராது. பிள்ளைகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கன்னம் சிவக்க 'ம்ம்ம்' என்றார்கள். மரம் பழையபடி மரமாகிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: சரி அக்கா.

உன் தங்கை


செப்டம்பர் 17

என் தங்கத்துக்கு,

உன் 'சரி'யைப் பார்த்ததும் இருமல்கூட நின்றுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டாயா?

எனக்குப் பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. அதில் இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வேறு யாரும் வந்துவிடாமல் என் பெட்டியை அதன்மேல் வைத்திருக்கிறேன். வார்டன் அம்மா முறைக்கிறார். முறைக்கட்டும். ஜன்னலோரக் கட்டில், காற்று வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் அவரவர் ஆளோடு வெளியே போய்விடுவார்கள். இனி நமக்கும் ஆள் உண்டு.

மரமா பழமா கதை இங்கே எங்கள் வரிசையில் பழகிவிட்டது. யாராவது சட்டையை நீட்டினால் "காலரா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம்.

அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

டீச்சருக்குக் குரல் போய்விட்டது. தொண்டையில் ஏதோ வளர்ந்து, அதை எடுத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனால் சில மாசம் வாயே திறக்கக் கூடாது. சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறார். பெரிய டீச்சர் வந்து, "பேசாம எப்படிப் பாடம் நடத்துவீங்க? லீவு போடுங்க, நான் வேற ஆளைப் பாக்கறேன்" என்றார். டீச்சர் சிலேட்டில் 'ஒரு வாரம் மட்டும்' என்று எழுதி நீட்டினார்.

மறுநாள் ஆமை கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தது. நீ அனுப்பிய நீலத் துண்டு. வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை. வகுப்பில் ஒரு குட்டிப்பெண் இருக்கிறாள். எதற்கும் நியாயம் பேசுவதால் நாங்கள் அவளை வக்கீலம்மா என்று கூப்பிடுவோம். அவள் எழுந்து, "ஆமைக்குத் தொண்டை கட்டிடுச்சு! நாமதான் பேசணும்" என்று தீர்ப்பு சொன்னாள். அப்புறம் என்ன? போர்வையில் அட்டை ஏறும், ஆமை வாய் திறக்கும், பிள்ளைகள் குரல் கொடுப்பார்கள். 'ப... ட்... டு.' முன்பு ஆமை சொன்னதை அவர்கள் சேர்த்தார்கள். இப்போது அட்டையைப் பார்த்து அவர்களே சொல்லி, அவர்களே சேர்க்கிறார்கள். தன் குரல் போனதைக்கூடப் பாடமாக மாற்றிவிட்டார் அக்கா. பெரிய டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வேறு ஆள் பேச்சை விட்டுவிட்டார்.

'ல' வந்தபோதுதான் சிக்கல். அது புது எழுத்து. அதற்கு நாக்கு மேலே போக வேண்டும், ஆமைக்கோ நாக்கே இல்லை. உன் சிவப்புத் துண்டில் விரல் உறை மாதிரி ஒரு நாக்கு தைத்து வாய்க்குள் வைத்தேன். நடுவிரல் அதற்குள் போகும். விரலைத் தூக்கினால் நாக்கு அண்ணத்தைத் தொடும். டீச்சர் அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தார். சிலேட்டில் 'இது எனக்குத் தோன்றவே இல்லையே!' என்று எழுதிக் காட்டினார். அதை அழிக்க விடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஆமை நாக்கைத் தூக்கியது. பிள்ளைகளும் தூக்கினார்கள். ஆனால் தெரியாத எழுத்துக்கு எப்படிச் சத்தம் கொடுப்பார்கள்? எல்லாரும் நாக்கை மேலே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அட்டையில் ஏதோ தூசி இருப்பது போலத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஆமை 'ல்ல்ல்' என்றது.

"ஆமைக்கு வேற குரல்!" என்றாள் வக்கீலம்மா. "தொண்டை கட்டினா அப்படித்தான் மாறும், சும்மா இரு" என்று பக்கத்தில் இருந்தவன் அடக்கினான்.

உன் தங்கை


நவம்பர் 9

கோட்டான்,

நலம்தானே? உன் டீச்சர் தொண்டை சீக்கிரம் ஆறட்டும்.

ஒன்று கேட்கிறேன். 'ல்ல்ல்' என்று ஆமை சொன்னது என்கிறாய். ஆமைக்குள் இருந்தது யார் கை?

போகட்டும். டிசம்பர் மூன்றாவது வாரம் லீவு கிடைத்திருக்கிறது. இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு உன்னைக் கையோடு கூட்டிவருகிறேன். பெட்டி கட்டி வை. பள்ளிக்கூடத்தில் இப்போதே சொல்லிவிடு.

அக்கா


டிசம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். வரும்போது குளிருக்குப் போர்த்திக்கொண்டு வா.

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். 'அக்கா கூப்பிட்டால் போக வேண்டியதுதான். சந்தோஷமாகப் போய் வா' என்று சிலேட்டில் எழுதினார். எழுதியதை உடனே அழித்துவிட்டார். அவருக்கு இன்னும் குரல் வரவில்லை. ஆமைக்கு வேறு ஆள் தேடுகிறார்கள்.

பெட்டி கட்டியாகிவிட்டது.

உன் தங்கை


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பா தினமும் கேட்கிறார்.

கடைசி நாள் என்னைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று சொன்னாய். வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், "சூப்பர்வைசர் போன் பண்ணாரு. இடம் நிரம்பிடுச்சாம்" என்று சொல்லி நீ மட்டும் கிளம்பினாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு வருத்தம் என்று நினைத்திருப்பாய். பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

டீச்சர் இப்போது மெல்லப் பேசுகிறார். கிளிக்கு அவர் குரல் திரும்பிவிட்டது. ஆமைக்கு மட்டும் பழைய குரல் திரும்பவில்லை. பிள்ளைகள் புதுக்குரலே போதும் என்றுவிட்டார்கள்.

பதில் போடு அக்கா.

உன் தங்கை


பிப்ரவரி 8

என் கோட்டானுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன், அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டேன். கேட்டில் வாட்ச்மேன், "வகுப்பு நடக்குது, ஜன்னல் பக்கம் நில்லுங்க" என்றார். உள்ளே யாரோ ஒரு பெண் கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள். "எனக்கு... ப... ல்... இல்லை! யாராவது கடன் குடுங்க!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. "என் பல்லு ஆடுது, இதை எடுத்துக்கோ!" என்று ஒருத்தன் ஓடுகிறான். "ஆடற பல்லை வச்சு நான் என்னத்தைக் கடிக்கிறது? எல்லாரும் இப்படிக் கத்தினா ஓட்டுக்குள்ள போயிடுவேன், ஆமா!" என்று அந்தக் குரல் அதட்டியது. அவ்வளவு பேரும் கப்சிப்.

என்ன குரல் அது! சுவருக்கு வெளியே நின்ற எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. "புது டீச்சருங்களா?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "டீச்சர் இல்லீங்க, அது ஆமை" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. கூடப் பிறந்தவள் குரல் எனக்குத் தெரியவில்லை பார். போர்வைக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, சின்ன வயசிலிருந்து நீ உட்கார்கிற மாதிரி. அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். போர்வைக்கு வெளியே அட்டையோடு நின்ற உன் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். யார் என்று தெரிந்திருக்கும். வாயில் விரல் வைத்துக் காட்டினார். உன்னைக் கூப்பிட்டு நிறுத்திவிடாதே என்று அர்த்தம். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஃபேக்டரியில் இடம் இருந்தது. சூப்பர்வைசர் போன் எதுவும் செய்யவில்லை. மெஷின் சத்தத்தில் யாரும் பேச முடியாது, உனக்கென்றே கட்டிய இடம் என்று நான் உனக்கு எழுதியிருந்தேனே, அதை நினைத்து வழியெல்லாம் கூசிக்கொண்டு வந்தேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு வேறு ஒருத்தி வந்திருக்கிறாள். நல்ல பெண்தான், குறட்டை மட்டும் லாரி மாதிரி.

ஆமையை நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குப் பூரா எதையும் சரியாகச் செய்யவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குச் செருப்பை மாற்றி மாட்டி அனுப்பிவிட்டேன்.

டீச்சரிடம் கேட்டேன், "அக்கா வந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று. "தெரியும். நான் சொல்லக் கூடாது, அவங்கதான் சொல்லணும்" என்றார் மெல்லிய குரலில். "ஜன்னல்ல அவங்க முகத்தைப் பாத்திருக்கணும் நீ" என்றார் அப்புறம். எப்படி இருந்தது என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

நான் உன்னிடம் எத்தனை கடிதத்தில் 'ஆமை சொன்னது, ஆமை சொன்னது' என்று எழுதியிருக்கிறேன். சொன்னது நான்தான் அக்கா. 'ல' நான் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த எழுத்தெல்லாம் நான் சொன்னேன். பல்லைக் கடன் கேட்டதும் நான்தான். அதை டீச்சர்கூட எழுதித் தரவில்லை, எனக்கே அந்த நேரத்தில் வந்தது.

நீ என்மேல் இருக்கிற பாசத்தில் இடம் இல்லை என்று பொய் சொன்னாய். எனக்கு ஆனந்தமாக இருந்தது, உண்மை. ஆனால் அது நீ சொல்லியிருக்க வேண்டியது இல்லை, நான் சொல்லியிருக்க வேண்டியது. நீ வீட்டில் இருந்த இரண்டு நாளும் பெட்டியில் இருந்த துணியை எடுத்து எடுத்து மடித்தேனே தவிர, ஒரு வார்த்தை பேசினேனா? நீ அந்த ஜன்னல் பக்கம் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் காலர் தைத்துக்கொண்டிருப்பேன். ஆமை யார் கையிலோ இருந்திருக்கும்.

அதனால், இடம் இன்னும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, நீ ஜூலையில் கேட்டதற்கு இப்போது சரியான பதில் எழுதுகிறேன். நான் வரவில்லை அக்கா. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. உன்னைத் தனியாக விடுகிறோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது, அப்படியும் நான் வரவில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால், சமையலறையில் நின்று ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பா பதறி ஓடி வந்து, "எங்கே வரலைம்மா? யாரு கூப்பிட்டா?" என்றார். அவரிடமும் சொன்னேன்.

உன் தங்கை